நான் தலையாட்டிய மூட்டை

அரைக்கும் கல்லை எப்போது கொத்த வேண்டும், எந்த வேகத்தில் ஓட்ட வேண்டும், மாவு சூடாகாமல் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். மில்லில் செல்வியிடம் கேளுங்கள். என்னைவிட நன்றாகச் சொல்வாள், பொறுமையாகவும் சொல்வாள். எனக்கு அந்தப் பொறுமை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒரு மூட்டைச் சோளத்தைப் பற்றி. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இந்தத் தப்பை வேலை தெரியாதவர்கள் செய்ய மாட்டார்கள். நன்றாக வேலை தெரிந்து, நாலு பேரிடம் நல்ல பெயரும் வாங்கியவர்கள்தான் செய்வார்கள். நீங்களும் ஒரு நாள் அந்த இடத்துக்கு வருவீர்கள்.

இந்தச் சோள மாவு மில்லை ஆரம்பிப்பதற்கு முன் நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் இருந்தேன். தரப் பரிசோதனைப் பிரிவு. நாள் முழுவதும் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு, தலைமுடி அளவு கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. அங்கே வருடத்துக்கு ஒரு முறை எங்கள் எல்லோருக்கும் கண் பரிசோதனை நடக்கும். நடுவில் கண் மங்கினாலோ, சிவந்து எரிந்தாலோ கையைத் தூக்க வேண்டும். சூப்பர்வைசர் வேறு ஆளை உட்கார வைப்பார். அதற்காக யாரும் யாரையும் திட்டியதில்லை, யாரும் வெட்கப்பட்டதுமில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துபோனேன்.

தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது கிடைத்த பணத்தில் சுங்கை பாக்காப்பில் ஒரு கடை வீட்டை எடுத்து, கல் எந்திரம் போட்டோம். நம் ஊரில் சோளம் என்றால் ஜாகோங், அதாவது மக்காச்சோளம்தான். அதைக் காய வைத்து, கல்லில் அரைத்து, மாவும் ரவையுமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜார்ஜ் டவுன் சந்தைக்குக் கொண்டுபோவோம். முதல் இரண்டு வருடம் மாவு விற்றதைவிட, "இது சூப்பு கெட்டியாகப் போடுற வெள்ளை மாவு இல்லைங்க" என்று விளக்கம் சொன்னதுதான் அதிகம். கடை மாவில் சோளத்தின் முளையை எடுத்துவிடுவார்கள், மாதக்கணக்கில் கெடாது. எங்கள் மாவில் முளையும் அதன் எண்ணெயும் அப்படியே இருக்கும். ருசி அதனால்தான். சீக்கிரம் கெடுவதும் அதனால்தான். ஆகவே சோளத்தை வாங்கும்போதே ஒழுங்காகப் பார்த்து வாங்க வேண்டும். எங்கள் மில்லில் அதைப் பார்த்தது என் மூக்கு.

மில்லில் ஒரு பழக்கம் உண்டு. மூட்டை வந்து இறங்கியதும் நான் கையை நடுமூட்டை வரை விட்டு ஒரு பிடி அள்ளுவேன். அதன்மேல் வாயால் சூடாக ஊதி, உடனே முகர்வேன். ஊதினால் உள்ளே ஒளிந்திருக்கும் வாடை வெளியே வந்துவிடும். சரியென்றால் தலையாட்டுவேன். நான் தலையாட்டாமல், எந்திரம் ஓட்டும் செல்வி சுவிட்சில் கை வைக்க மாட்டாள். ஆரம்பித்த வருடத்திலேயே ஒரு வியாபாரியின் முழு லாரியைத் திருப்பி அனுப்பினேன். மேலே எல்லாம் தங்கம் போல இருந்தது. "கண்ணுக்குத் தெரியாத குறையெல்லாம் உங்க மூக்குக்குத் தெரியுமாக்கும்" என்று அவர் நக்கலடித்தார். நடுவில் இருந்த ஒரு மூட்டையை அவர் முன்னாலேயே கிழித்துக் கொட்டினேன். உள்ளே பச்சையாகப் பூஞ்சை. அன்றிலிருந்து எனக்கு 'மூக்கு அக்கா' என்று பெயர் வந்தது. முதலில் கேலியாகச் சொன்னார்கள், பிறகு மரியாதையாகச் சொன்னார்கள். எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்திருந்தது.

பிறகு கொரோனா வந்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வந்து போனது. என் வீட்டுக்காரருக்கு இரண்டு வாரத்தில் வாசனை திரும்பிவிட்டது. எனக்குத் திரும்பவில்லை. காப்பியில்லை, கற்பூரமில்லை, மீன் குழம்பில்லை. எல்லாம் தண்ணீர் மாதிரி. இன்று வரும், நாளை வரும் என்று இருந்தேன். மில்லை மறுபடி திறந்த அன்று முதல் மூட்டை வந்து இறங்கியது. செல்வியும் இன்னும் இரண்டு பெண்களும் சுற்றி நின்று என் முகத்தையே பார்த்தார்கள். நான் ஒரு பிடி அள்ளினேன், ஊதினேன், முகர்ந்தேன். ஒன்றுமே தெரியவில்லை. அந்த இடத்தில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான் தலையாட்டினேன்.

அன்றைக்கு அது நல்ல சோளம். அதுதான் கெடுதலாகப் போயிற்று. அடுத்த வாரமும் நல்ல சோளம். ஒரு மணியைக் கடித்தால் காய்ந்த பக்குவம் தெரியும், கையில் குலுக்கினால் சத்தம் சொல்லும், கண்ணும் இருக்கிறது. இவை போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சில சமயம் செல்வியிடம் பேச்சோடு பேச்சாக, "எப்படிடி இருக்கு?" என்று கேட்பேன். "நீங்கதானேக்கா சொல்லணும், என்னைக் கேக்குறீங்க" என்று சிரிப்பாள். நானும் சிரிப்பேன். வீட்டில் குழம்பு கருகினால் போன் பேசிக்கொண்டிருந்தேன் என்று சமாளிப்பேன். இப்படியே எட்டு மாதம் ஓட்டினேன். ஏன் மறைத்தேன் என்று நீங்கள் கேட்கலாம். மூக்கு இல்லாத மூக்கு அக்காவை யார் மதிப்பார்கள் என்ற பயம். வேறு எந்தப் பெரிய காரணமும் இல்லை.

வருடக் கடைசி. நாலு நாளாக விட்டு விட்டு மழை. கெப்பாலா பத்தாஸில் எங்களுக்குச் சோளம் பயிரிட்டுக் கொடுக்கும் மலாய்க்காரர் ஒருவர் இருந்தார். நாணயமான மனிதர். வெள்ளிக்கிழமை அவருடைய மூட்டைகள் வந்தன. மணி பளிச்சென்று இருந்தது, கடித்தால் டக்கென்று உடைந்தது. முகர்வதுபோல முகர்ந்து தலையாட்டினேன். செல்வி அரைத்தாள். பாக்கெட் போட்டோம்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கெல்லாம் சந்தையில் நல்ல கூட்டம். முதலில் வந்தவர்களில் நளினியும் ஒருத்தி. ஜெலுத்தோங் பிளாட்டில் இருக்கும் பெண். வயிற்றில் பிள்ளையோடு இருந்த காலத்திலிருந்தே எங்களிடம் வாங்குகிறாள். அன்றைக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பாப்பாவுக்கு ஆறு மாசம் முடிஞ்சிருச்சு ஆன்ட்டி. இன்னிக்குத்தான் முதல் கஞ்சி. பத்தரைக்கு நல்ல நேரம். உங்க மாவுலதான் ஆரம்பிக்கணும்னு நான் முன்னாடியே சொல்லிட்டேன்."

எனக்குப் பெருமையாக இருந்தது. பணம் வேண்டாம், பிள்ளைக்கு என் அன்பளிப்பு என்று சொல்லி நானே ஒரு பாக்கெட்டை எடுத்து அவள் பையில் வைத்தேன்.

பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நானா வந்தார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் மசாலாக் கடை வைத்திருப்பவர். எல்லோரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். வாராவாரம் ஒரு பாக்கெட் ரவை வாங்குவார். பட்டையும் மிளகும் முகர்ந்தே வயதானவர், எதை வாங்கினாலும் பிரித்து மூக்கருகே கொண்டுபோகாமல் விடமாட்டார். அன்றைக்கும் பிரித்தார். முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"என்னம்மா தங்கச்சி, ஊறிப்போன சாக்கு வாடை அடிக்குது?"

"மழை நானா. புதுச் சாக்கு வேற" என்றேன். என் வாய் யோசிக்காமலே பொய் சொன்னது.

அவர் வாதாடவில்லை. பாக்கெட்டை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் செல்வியைப் பார்த்தேன். செல்வி கீழே பார்த்தாள்.

"செல்வி. உனக்கு ஏதாவது தெரியுதா?"

"அரைக்கும்போதே ஒரு மாதிரி இருந்துச்சுக்கா. பூசணம் மாதிரி. ஆனா நீங்கதான் சரின்னு சொல்லிட்டீங்களே. எனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன்."

பூசணம் பிடித்த சோளத்தை வறுத்தாலும் வேக வைத்தாலும் அதன் விஷம் போகாது. அது உங்களுக்கும் தெரியும். அன்று காலையில் இருபத்து மூன்று பாக்கெட் கை மாறியிருந்தது. அதில் ஒன்று இன்னும் நாற்பது நிமிடத்தில் ஆறு மாதக் குழந்தையின் வாய்க்குப் போகப் போகிறது. அதை என் கையாலேயே கொடுத்திருக்கிறேன்.

நளினிக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

"நீங்க வேனை எடுத்துட்டு ஓடுங்கக்கா" என்றாள் செல்வி. "நான் இங்க எல்லாத்தையும் மூடி வச்சிட்டு, சரக்கு முடிஞ்சிருச்சுன்னு சொல்லிடுறேன். தெரிஞ்சவங்களுக்கு மெதுவா போன் பண்ணிக்கலாம். பசார்ல நின்னு கத்தினா கடை போச்சு லா."

அவள் சொன்னதில் தப்பில்லை. கடையைக் காப்பாற்றத்தான் சொன்னாள். ஆனால் வாங்கியவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. சிலர் இன்னும் அந்தச் சந்தையிலேயே பையோடு நடந்துகொண்டிருந்தார்கள். நான் போய்விட்டால் அவர்களும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இரண்டு நிமிடம் நின்று சொல்லிவிட்டுப் போவதா, அந்த இரண்டு நிமிடத்தையும் குழந்தைக்குக் கொடுப்பதா? இந்த மாதிரி நேரத்தில் மனசு பெரிய நியாயமெல்லாம் பேசும் என்று நினைக்காதீர்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். ஜெலுத்தோங்குக்கு ஞாயிற்றுக்கிழமை கால் மணி நேரம் போதும். நின்றேன்.

பிளாஸ்டிக் நாற்காலிமேல் ஏறினேன். முதலில் மலாயில் சொன்னேன், பிறகு தமிழில்.

"இன்னிக்குக் காலையில என்கிட்ட சோள மாவு, ரவை வாங்கினவங்க யாரும் சாப்பிடாதீங்க. சோளம் கெட்டுப்போனது. திருப்பிக் கொண்டாந்து கொடுங்க. தெரிஞ்சவங்க வாங்கியிருந்தா சொல்லிடுங்க." அதோடு இறங்கிவிட்டிருக்கலாம். ஆனால் செல்வி என் பக்கத்தில் தலைகுனிந்து நின்றாள், ஏதோ அவள் அரைத்ததில்தான் குற்றம் என்பதுபோல. "தப்பு என்னோடது. எனக்கு எட்டு மாசமா வாசனை தெரியாது. தெரியாமலே சரின்னு சொல்லிட்டேன்."

சந்தை முழுக்க அமைதியாகிவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பக்கத்துக் கடையில் கோழிக்கு விலை பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் செல்வி நிமிர்ந்தாள்.

"எட்டு மாசமா?" என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு அவள் என்னைப் பார்க்கவில்லை. பாக்கெட்டுகளை மேசையிலிருந்து அள்ளி அட்டைப்பெட்டியில் போட ஆரம்பித்தாள்.

நளினியின் பிளாக் எனக்குத் தெரியும், ஒரு முறை கீழே வந்து மாவு கொடுத்திருக்கிறேன். எந்த வீடு என்று தெரியாது. காவலரிடம், கைப்பிள்ளைக்காரி, கண்ணாடி போட்டவள் என்று ஏதேதோ சொன்னேன். ஒன்பதாம் மாடி என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்தே இருந்தது. வாசலில் நிறையச் செருப்பு. உள்ளே உறவுக்காரர்கள் நாலைந்து பேர். குழந்தை புதுச் சட்டையோடு அப்பா மடியில் உட்கார்ந்திருந்தது. எதிரே வெள்ளிக் கிண்ணம், கரண்டி. கிண்ணம் காலியாக இருந்தது. சமையலறையில் நளினி பட்டுச் சேலையோடு அடுப்பின் முன் நின்று கிளறிக்கொண்டிருந்தாள்.

"அடுப்ப அணைச்சிடும்மா" என்றேன். மூச்சு வாங்கியது. "மாவு கெட்டுப்போனது. என் தப்பு. கொடுத்துடாத."

அவள் அணைத்தாள். பாத்திரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது அதைவிட மோசமாக இருந்தது.

"பாக்கெட்டப் பிரிச்சப்பவே ஒரு வாடை வந்துச்சு ஆன்ட்டி. நீங்க கொடுத்ததாச்சே, கல்லுல அரைச்சா இப்படித்தான் இருக்கும்போலன்னு நினைச்சேன். தண்ணிய ஊத்திக் கரைச்சிட்டேன்."

கோபம் அவள் கணவரிடமிருந்து வந்தது. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து வந்தார். சத்தம் போடவில்லை. "நாங்க ஒன்பது மணிக்கே ஊட்டியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று மட்டும் கேட்டார். கஞ்சியைப் பாத்திரத்தோடும், மீதி மாவைப் பாக்கெட்டோடும் வாங்கிக்கொண்டு கீழே வந்தேன். வேனில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதேன்.

நளினி வீட்டில் எடுத்ததையும் சேர்த்து மதியத்துக்குள் பதினைந்து பாக்கெட் திரும்பி வந்தது. வாடிக்கையாளர் குழுவில் என் குரலிலேயே செய்தி அனுப்பினேன். அடுத்த நாளைக்குள் இன்னும் ஆறு வந்தது. மீதி இரண்டு பாக்கெட் யாரிடம் போனது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆனதாகச் செய்தி இல்லை. அதை வைத்து என்னால் ஆறுதல் அடைய முடியவில்லை. மழை பெய்யும் சில நாட்களில் அந்த இரண்டு பாக்கெட் இன்னும் ஞாபகத்துக்கு வருகிறது.

கெப்பாலா பத்தாஸ்காரருக்குப் போன் செய்தேன். கொட்டகைக் கூரை ஒழுகி நாலு மூட்டை நனைந்துவிட்டதாம். வெயில் அடித்த ஒரு பகலில் காய வைத்து, மற்றதோடு சேர்த்து அனுப்பியிருக்கிறார். "கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனால் நீங்கள் எப்படியும் முகர்ந்து பார்ப்பீர்கள், ஆகாது என்றால் திருப்பி அனுப்புவீர்கள் என்று விட்டுவிட்டேன்" என்று மலாயில் சொன்னார். அவரைத் திட்டத்தான் போன் எடுத்தேன். திட்ட வாய் வரவில்லை.

எண்ணிப் பாருங்கள். பயிரிட்டவருக்குச் சந்தேகம் வந்தது. அரைத்தவளுக்கு வாடை வந்தது. கஞ்சி காய்ச்சியவளுக்கும் வாடை வந்தது. மூன்று பேரும் நல்ல மூக்கு உள்ளவர்கள். நான் தலையாட்டிவிட்டேன், அல்லது தலையாட்டுவேன் என்பதற்காக, மூன்று பேரும் தங்கள் மூக்கை நம்பாமல் இல்லாத என் மூக்கை நம்பினார்கள். என் மூக்கு போனது நோயால், அதற்கு நான் பொறுப்பில்லை. அவர்கள் வாயை அடைத்தது நான் ஆசையோடு வளர்த்த பெயர். அதற்கு நான்தான் பொறுப்பு.

செல்வி நாலு நாள் வேலைக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தாள். சுவிட்சைப் போடுவதற்கு முன் சொன்னாள்: "தெரிஞ்சிருந்தா நான் வாயத் திறந்திருப்பேன்கா. என்னைப் பேசவிடாம பண்ணிட்டீங்க." நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் சுவிட்சைப் போட்டு வேலையைப் பார்த்தாள். அன்றிலிருந்து மில்லில் தலையாட்டுவது நின்றது. மூட்டை வந்தால் மூன்று பேர் தனித்தனியாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் முகர வேண்டும். மூன்று பேரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் வேண்டாம்தான். ஏன் என்று அவரைக் கேட்கக் கூடாது. அந்த மூன்று பேரில் நான் இல்லை.

கடை போகவில்லை, ஆனால் இளைத்தது. சிலர் பிறகு வரவேயில்லை. நளினியும் வரவில்லை. அவள் வர வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? நானா அடுத்த ஞாயிறே வந்தார். எல்லோரும் பார்க்க ஒரு பாக்கெட்டைப் பிரித்து, நிதானமாக முகர்ந்து, "இது சரி" என்று உரக்கச் சொல்லிவிட்டு வாங்கிப் போனார். அந்த உதவியை நான் மறக்க மாட்டேன்.

என் மூக்கு திரும்பவே இல்லை. இரண்டு வருடம் கழித்து மில்லைச் செல்வி கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். நீங்கள் வந்து சேர்வதற்குச் சில வாரம் முன்னால் ஒரு நாள் சும்மா எட்டிப் பார்க்கப் போயிருந்தேன். லாரி வந்து நின்றிருந்தது. டிரைவர், கூலிக்காரர்கள், வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத ஒரு பெண் எல்லோரும் நின்றார்கள். இப்போது அங்கே செல்விதான் முதலாளி. 'செல்வியக்கா கிட்ட ஏமாத்த முடியாது' என்று லாரிக்காரர்கள் பேசிக்கொள்வதை நானே கேட்டிருக்கிறேன். அன்றைக்கு முகர வேண்டிய மூன்று பேரில் முதல் ஆள் அவள். மூட்டையைப் பிரித்தாள். ஒரு பிடி அள்ளினாள், ஊதினாள், முகர்ந்தாள். பிறகு கையைத் தட்டிவிட்டுக்கொண்டு நகர்ந்தாள்.

"எனக்கு ரெண்டு நாளா சளி. இன்னிக்கு மூக்கு வேலை செய்யல" என்றாள். எல்லோருக்கும் கேட்கும்படி, சாதாரணமாக, மழை வருகிறது என்று சொல்வதுபோல. அந்தப் புதுப் பெண்ணைப் பார்த்து, "என் இடத்துல நீ வாம்மா, நீ பாரு" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வந்து மூட்டைக்குள் கையை விட்டாள். 'மூக்கு வேலை செய்யல'. எட்டு மாதம் என் வாயில் வராத வார்த்தை அது. செல்விக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. நான் வேலை கெடாதபடி ஓரமாக நின்று, அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று காத்திருந்தேன்.